முதல்ல சாப்பிடுங்கோ

எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்த அண்ணை யாருடைய வீட்டுக்காவது போனால், கதவைத் திறந்தவர்கள் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்ப்பார்கள். கால் ஹோல் பக்கம் திரும்பினால் சும்மா வந்திருக்கிறார், தேத்தண்ணி போடலாம். நேரே அடுப்பிருக்கிற குசினிக்குப் போனால் ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள்.

இதை யாரும் அவருக்குக் கொடுத்த வேலை என்று சொல்ல முடியாது. அவர் பெற்றோல் செற்றில் காசாளராக இருந்தார். ஷிப்ட் முடிந்து வந்தால் குளித்துவிட்டு ஒரு மூலையில் இருந்து பழைய வீரகேசரியை வாசிப்பார். ஆனால் ஊரிலிருந்து சாவுச் செய்தி வந்தால், அதைக் கேட்டவர்கள் செத்தவரின் பிள்ளைக்கோ சகோதரத்துக்கோ நேரே எடுத்துச் சொல்லப் பயந்து, எங்கள் வீட்டுக்குத்தான் போன் எடுப்பார்கள். “அண்ணை நிக்கிறாரோ?” என்று கேட்கும் தொனியிலேயே எனக்கு விளங்கிவிடும். ரிசீவரைக் கொடுத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன். அவர் “ஓம், ஓம், விலாசத்தைச் சொல்லுங்கோ” என்பார். முகம் கழுவுவார். தோய்த்த சேர்ட் ஒன்றை எடுத்துப் போடுவார். லண்டனில் நோர்பரி, ஸ்ட்ரெதம், கோலியர்ஸ் வுட், இந்தப் பக்கத்தில் அவர் குசினிக்குள் போகாத தமிழ் வீடு குறைவு.

நல்ல நாள் பெருநாளில் அவரை அழைப்பதுதான் பெரும் பாடு. பிறந்தநாள் வீட்டுக்கு வந்து கேற்றைத் திறக்கும்போதே “சும்மாதான் வந்தனான், சும்மாதான்!” என்று கத்திக்கொண்டு வருவார். அப்போதுதான் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு வரும். “எமன்கூட இவ்வளவு மரியாதையா வரமாட்டான் அண்ணை” என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அண்ணை கோபிக்கமாட்டார். “அவன் சொல்லிப்போட்டு வாறதில்லைத்தானே” என்பார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். கோலியர்ஸ் வுட்டில் ஓர் இளம் பெண், கைக்குழந்தையோடு தனிய நிற்கிறாள், புருஷன் வேலைக்குப் போய்விட்டான். ஊரில் தாய் செத்துப்போனா. பொம்பிளை ஒருத்தி பக்கத்தில் இருந்தால் நல்லது என்று அண்ணை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். அண்ணை நேரே போய் அடுப்பை நிற்பாட்டினார். எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிப் பின்னுக்கு வைத்தார். குழந்தையை என் கையில் தரச் சொன்னார்.

“சாப்பிட்டாச்சோ பிள்ளை?”

“இல்லை அண்ணை. என்ன அண்ணை? என்ன?”

“முதல்ல சாப்பிடுங்கோ.”

தானே சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுப் பருப்பை ஊற்றிக் கொடுத்தார். அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் இருக்குமா? கண்ணீர் சோற்றில் விழ விழச் சாப்பிட்டாள். அவர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் கை வைத்த கதிரையில் இருத்தினார். விழுந்தாலும் பக்கவாட்டில் விழமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. பிறகு ஒரே வசனம். “அம்மா இண்டைக்குக் காலமை இல்லாமப் போயிட்டா பிள்ளை.” அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. புருஷன் வரும்வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், எனக்குக் கொஞ்சம் கோபம்தான். “அவளுக்குத்தான் எல்லாம் விளங்கிட்டுதே. பிறகேன் அண்ணை அந்தப் பிள்ளையைச் சாப்பிட வச்சு வதைச்சனீங்கள்?”

“இனி அவ எப்ப சாப்பிடுவாவோ, ஆருக்குத் தெரியும்? அழுறதுக்கும் தெம்பு வேணும் தங்கச்சி.”

அவருக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சீரியஸ். எங்கள் ஆட்கள் செத்துப்போனதை நேரே சொல்லமாட்டார்கள். அப்பாவுக்குக் கொஞ்சம் சுகமில்லையாம் என்பார்கள், அடுத்த நாள் சீரியஸாம் என்பார்கள், அதற்குள் ஊரில் எல்லாம் முடிந்து சாம்பலும் கரைத்திருப்பார்கள். அண்ணை லண்டனுக்கு வருவதற்கு முன்னர் ஜெர்மனியில் அகதி விடுதியில் இருந்தவர். அங்கே இருந்தபோது அவருடைய தாய் செத்துப்போனா. கூட இருந்த பெடியள் பாவம் என்று நினைத்து, சுகமில்லை, சீரியஸ் என்று ஒரு கிழமை இழுத்தடித்தார்கள். அந்தக் கிழமை முழுக்க இவர் விரதம் இருந்திருக்கிறார். எந்த உயிரைக் காப்பாற்ற என்று பட்டினி கிடந்தாரோ, அது முதல் நாளே போய்விட்டது. “செத்த ஆளுக்கு நேத்திக்கடன் வச்ச ஒரே மடையன் நான்தான்” என்று ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு ஊரில் அவருக்குச் சொந்த வீட்டு ஆளென்று மிஞ்சியிருந்தது ஓர் அக்கா மட்டும். அக்கா கலியாணம் செய்யவில்லை. இவரும் செய்யவில்லை. ஞாயிறு தவறாமல் கோலிங் கார்ட்டைச் சுரண்டி அக்காவோடு கதைப்பார். அந்த மனுஷி போனை நம்பாதவ. பக்கத்து வளவுக்குக் கேட்கிறமாதிரிக் கத்துவா. மாடிப்படியில் நின்றாலே எனக்கு முழுக் கதையும் கேட்கும்.

அந்தக் கோடையில் நோர்பரியில் எங்கள் ஆட்களின் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஊரில் சண்டை நின்றிருந்த காலம். எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பறந்தார்கள். அண்ணையிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் புத்தகம். அதை வைத்துக்கொண்டு விசா தருகிற எந்த நாட்டுக்கும் போகலாம். அவர் பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது. நாங்களும் அந்த முறை ஊருக்குப் போகவில்லை. என் கணவரின் தங்கை ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருந்தா. அவவின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியச் சடங்கு வைத்திருந்தார்கள். போகிற வழியில் பாரிஸில் இருக்கும் கணவரின் அக்கா வீட்டிலும் தங்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு. எங்கள் ஆட்களுக்கு ஐரோப்பா சுற்றிப்பார்ப்பது என்றால் அதுதான். ஒரு சொந்தக்காரர் வீட்டு சோபாவிலிருந்து இன்னொரு சொந்தக்காரர் வீட்டு சோபாவுக்கு ரயிலில் போவது.

“நீங்களும் வாங்கோ அண்ணை, வீட்டில தனிய இருந்து என்ன செய்யப்போறியள்?” என்று நான்தான் கேட்டேன். வேண்டாம் என்றார். அடுத்த ஞாயிறு அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கிறார். அக்கா போட்ட சத்தம் மாடிப்படிவரை வந்தது.

“எங்கட பக்கம் சண்டையில தண்டவாளத்தையே கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள். நான் செத்தாலும் இனி ட்ரெயின் காணமாட்டன். நீ ஏறிப் போட்டு வந்து எனக்குச் சொல்லு. யன்னல் கரையில இரு, என்ன?”

அண்ணை யன்னல் கரையில் இருந்தார். வாட்டர்லூவில் ஏறியதும், ஐம்பது வயசு தாண்டிய மனுஷன், என் மூத்தவளோடு யன்னல் சீட்டுக்குச் சண்டை பிடித்தார். “அக்கா சொன்னவ பிள்ளை” என்று ஒரு நியாயம் வேறு. மூத்தவள் ஆங்கிலத்தில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு எழும்பினாள். பாரிஸில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு போன் கடைக்குப் போய் அக்காவுக்கு எடுத்தார். கடலுக்கு அடியால் வந்ததைச் சொன்னார்.

“என்ன தெரிஞ்சுது?” என்று கேட்டிருக்கிறா.

“ஒண்டும் தெரியேல்லை அக்கா. ஒரே இருட்டு.”

“அதுக்கோ இவ்வளவு பெரிய எடுப்பு! வெளிச்சத்தில போறதைப் பார்த்துச் சொல்லு.”

ஸ்டுட்கார்ட் போனதும் எடுக்கிறன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனை வைத்தார்.

பாரிஸிலிருந்து காலை ரயில். ஸ்ட்ராஸ்பேர்க்கில் இறங்கி வேறு ரயில் மாறவேண்டும். பாரிஸ் மச்சாள் வழிக்கு மீன் கட்லட் ஒரு பெட்டி, மரக்கறி ரோல்ஸ் ஒரு பெட்டி, பிளாஸ்க்கில் கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி எல்லாம் கட்டித் தந்திருந்தா. பெட்டியைத் திறந்தால் மீன் மணக்கும் என்று என் பிள்ளைகள் இரண்டு பேரும் கெஞ்சியதால் நான் திறக்கவில்லை. வெளியே நல்ல வெயில். அறுத்த கோதுமை வயலில் வைக்கோலை உருட்டி உருட்டி விட்டிருந்தார்கள். அண்ணை நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு இருந்தார்.

என் கணவரின் மொபைல் அடித்தது. பாரிஸ் அக்கா என்று பெயரைப் பார்த்துவிட்டு, என்னத்தையோ விட்டுவிட்டு வந்துவிட்டோமாக்கும் என்று சிரித்துக்கொண்டே எடுத்தார். பிறகு எழுந்து கதவடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கே நின்று என்னைக் கையால் கூப்பிட்டார்.

“இஞ்சரும், அண்ணையின்ர அக்கா செத்துப்போனாவாம். காலமை வீட்டு வாசல் முத்தம் கூட்டேக்க விழுந்தவவாம். லண்டன் வீட்டுக்கு எடுத்துப் பார்த்திட்டு, பிறகு பாரிஸ் நம்பரைத் தேடிப் பிடிச்சிருக்கினம்.”

“கடவுளே.”

“வெளிநாட்டில இருந்து வர ஆக்கள் இல்லைத்தானே எண்டு இண்டைக்குப் பின்னேரமே பிரேதம் எடுக்கினமாம்.”

ரயில் ஆடிக்கொண்டிருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். “இப்ப ஆர் சொல்லுறது?” என்று கேட்டேன். லண்டனாக இருந்தால் அப்படி ஒரு கேள்வியே இல்லை. அண்ணையைக் கூப்பிட்டிருப்போம்.

“ஸ்டுட்கார்ட்டுக்குப் போய்ச் சொல்லுவம்” என்றார் என் கணவர். “அதுவரைக்கும் கொஞ்சம் சீரியஸ் எண்டு...”

“அவரிட்டையோ? அவரிட்டையோ சீரியஸ் எண்டு சொல்லப்போறியள்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தெரிந்துவிட்டது, இது என் தலையில்தான் விடியும் என்று.

நான் திரும்பி வந்து அண்ணைக்கு எதிரே இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே யன்னலைத் தட்டினார்.

“தங்கச்சி, இஞ்ச பாருங்கோ, மாடு. முழுக்க வெள்ளை, ஒரு புள்ளிகூட இல்லை. எவ்வளவு பெரிசு பாருங்கோ. அக்காவிட்டச் சொன்னால் நம்பவே மாட்டா.”

மாடும் போய், வாய்க்காலும் போய், தேவாலயக் கோபுரம் ஒன்றும் போனது. அவர் ஒவ்வொன்றையும் அக்காவுக்காகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அந்த மனுஷன் இன்னும் கொஞ்சம் பொறுக்குவார், பொறுக்கியதெல்லாம் அவருக்கே பாரமாகும். பையை எடுத்துச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

“அண்ணை, ரோல்ஸ் ஒண்டு சாப்பிடுங்கோ.”

“இப்பவோ? பசிக்கேல்லை தங்கச்சி.”

“சாப்பிடுங்கோ. முதல்ல சாப்பிடுங்கோ.”

வாயில் தானாக வந்துவிட்டது. அவர் யன்னலிலிருந்து திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் நீட்டிய பெட்டியைப் பார்த்தார். அவருக்கு மீன் கட்லட் என்றால் உயிர், அது எனக்கும் தெரியும், நாலு வருஷமாகச் சமைத்துக் கொடுக்கிறேன். ஆனால் சாவுச் செய்தி காத்து நிற்கிற மனுஷனுக்கு மீன், மச்சம் கொடுக்க என் கை போகவில்லை. மரக்கறிப் பெட்டியை நீட்டிக்கொண்டு, கட்லட் பெட்டியை என் மடிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அதையும் அவர் பார்த்தார். கதவடியில் மொபைலோடு நிற்கும் என் கணவரையும் பார்த்தார்.

ஒரு ரோல்ஸை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். அவசரப்படவில்லை. கடைசித் துண்டுவரை மென்று விழுங்கினார். இன்னொன்றும் எடுத்துச் சாப்பிட்டார். கையைத் துடைத்தார். மேசையில் திறந்திருந்த பிளாஸ்க்கின் மூடியை இறுக்கிப் பூட்டி, என் சின்னவளின் கைக்கு எட்டாத பக்கமாகத் தள்ளி வைத்தார். “பிள்ளையள், கொஞ்சம் அப்பாவிட்டப் போங்கோ” என்றார். அவர்கள் போனதும் சீட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“இப்ப சொல்லுங்கோ தங்கச்சி. சாப்பிட்டிட்டன்.”

“அக்கா இல்லை அண்ணை. காலமை இல்லாமப் போயிட்டா.”

அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதாவது வரப்போகிறதோ என்பதுபோல.

“கொள்ளி ஆர் வைக்கிறது?”

“உங்கட சித்தப்பாவின்ர மகனாம்.”

“எப்ப எடுக்கினம்?”

“இண்டைக்குப் பின்னேரம்.”

மணிக்கூட்டைப் பார்த்தார். ஊர் நேரத்தை வாய்க்குள் கூட்டிப் பார்த்தார். “அப்ப இனி எடுக்கப்போகினம். எடுக்கிற நேரம் குந்தி இருக்கக் கூடாது” என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். கதவடிக்குப் போய் நின்றார். என் கணவரும் பக்கத்தில் நின்றார். இருக்கச் சொல்லி நாங்கள் எவ்வளவு கேட்டும் ஸ்ட்ராஸ்பேர்க் வரும்வரைக்கும் அவர் இருக்கவில்லை. ரயில் போன வேகத்தில், ஊரில் வாசலைத் தாண்டிப் போகும் பாடையின் பின்னால் அவர் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்ததுபோல இருந்தது.

ஸ்ட்ராஸ்பேர்க் மேடையில் இறங்கியதும் தன் பையை மட்டும் பிரித்து எடுத்தார்.

“நான் இனி வரேலாது. அங்க நல்ல காரியம். நான் சாவுத் துடக்கோட வந்து நிக்கக் கூடாது.”

“அப்ப நானும் உங்களோட திரும்பி வாறன்” என்றார் என் கணவர்.

“நீங்கள் தாய்மாமன். நீங்கள் போகாமல் அந்தப் பிள்ளைக்குத் தண்ணி வாக்கேலாது. விசர்க்கதை கதைக்காதேங்கோ.”

“அப்ப நான் வாறன் அண்ணை” என்றேன்.

“மாமிதானே ஆலாத்தி எடுக்கிறது. பிள்ளையள் லீவெண்டு எவ்வளவு ஆசையா வந்ததுகள். போங்கோ.”

எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஒவ்வொரு முறைக்கும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆட்கள் நாங்கள்தான். அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று எந்த முறையிலும் யாருக்கும் எழுதியிருக்கவில்லை. டிக்கெட்டை அவரே போய் மாற்றிக்கொண்டு வந்தார். எங்கள் ரயில் வந்ததும் பிள்ளைகளைத் தூக்கி ஏற்றினார். ஏறி நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“அங்க ஒருத்தருக்கும் இதைச் சொல்லாதேங்கோ. சபை கலங்கும். நான் எங்க எண்டு கேட்டால், கொஞ்சம் சுகமில்லை எண்டு சொல்லுங்கோ.”

கதவு மூடிவிட்டது. தன் வாயால் அந்தச் ‘சுகமில்லை’யை அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

சடங்கு நன்றாக நடந்தது. நான் ஆலாத்தி எடுத்தேன், படம் பிடித்தவன் சிரிக்கச் சொன்னபோது சிரித்தேன். அண்ணை எங்கே என்று ஸ்டுட்கார்ட் மச்சாள் கேட்டா. அவருக்குக் கொஞ்சம் சுகமில்லை என்று என் கணவர் சொன்னார். மச்சாள் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு விளங்காதா?

லீவு முடிந்து நோர்பரி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம். செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக்குப் போனேன். நான் பயணம் போகும்போதெல்லாம் அடுப்பைத் துடைத்துவிட்டு அதற்குமேல் பெரிய தட்டம் ஒன்றைக் கவிழ்த்து வைப்பேன். வைத்த தட்டம் வைத்தபடி இருந்தது. மேலே மெல்லிசாகத் தூசி. குப்பை வாளிக்குள் கடையில் வாங்கித் தின்ற பாணின் வெறும் பைகள்.

அண்ணை மாடியில் தன் அறையில் இருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

“அடுப்பு மூட்டேல்லையோ அண்ணை?”

“செத்த வீட்டில மூட்டுறதில்லைத்தானே.”

ஊரில் செத்த வீட்டில் அடுப்பு எரியாது, உண்மைதான். ஆனால் அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து சட்டி சட்டியாகச் சாப்பாடு வரும். இங்கேயும் வரும். அவரே எத்தனை வீட்டுக்குச் சுமந்துகொண்டு போயிருக்கிறார்.

“ஒருத்தரும் வரேல்லையோ?”

“தெரிஞ்சால்தானே வாறதுக்கு.”

“ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?”

“மற்ற ஆக்களின்ரயெண்டால் போய்ச் சொல்லலாம் தங்கச்சி. என்ர அக்கா செத்துப்போனா எண்டு நானே போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறதோ?”

வேலையிடத்தில் லீவில் போயிருக்கிறார் என்று நினைத்தார்கள். எங்கள் தெருவில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இந்தப் பக்கத்தில் இத்தனை பேருடைய சாவைச் சொன்ன மனுஷனின் துக்கம் ஒரு வாசலுக்கும் போய்ச் சேரவில்லை. அவர் பாணைத் தின்றுகொண்டு, மாடியில் தனிய, எங்கள் குசினியின் தட்டத்தைக்கூட நகர்த்தாமல் இருந்திருக்கிறார்.

நான் பையைப் பிரிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து தட்டத்தை எடுத்துக் கழுவி, அடுப்பை மூட்டினேன். சோறு, பருப்பு, ரசம். உறைபெட்டிக்குள் கிடந்த முருங்கைக்காயில் ஒரு பால்கறி. எல்லாம் இறக்கிவிட்டுக் காஸை நிற்பாட்டினேன். பிறகு மாடிப்படியில் நின்று கூப்பிட்டேன்.

வந்தார். முதலில் அடுப்பைத்தான் பார்த்தார். நின்றிருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம். கோப்பையைக் கையில் கொடுத்தேன்.

“முதல்ல சாப்பிடுங்கோ அண்ணை.”

சாப்பிட்டார். இன்னொருதரம் சோறு கேட்டார், போட்டேன். ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தார். எழுந்து போய்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, ஹோலில் இருந்த கை வைத்த கதிரையில் வந்து இருந்தார்.

“திரும்பி வரேக்கயும் அந்த வெள்ளை மாடு அங்கதான் நிண்டது தங்கச்சி” என்றார். “வெளிச்சத்தில பார்த்துச் சொல்லு எண்டு சொன்னவ.”

அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். அழவேண்டாம் என்று சொல்லவில்லை.